ஓட்டல் மாடியில் புத்தகம்

(கும்பகோணத்தில் ஓர் ஓட்டல் மாடியில் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த உள்ளூர் எழுத்தாளர்கள் கூட்டத்தில், ஆசிரியர்கள் தங்கள் புத்தகங்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு முன்பாகச் செய்யப்பட்ட சொற்பொழிவு.)



இந்தக் கூட்டத்தில் முதலில் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டபோது, ஆள் மாறிப்போய் என்னிடம் வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் பழைய பேப்பர் கடையிலும், நூலகத்துப் பெஞ்சியிலும், கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து கேட்டதிலும் கிடைத்ததே தவிர, ஒரு பண்டிதர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது அல்ல. கூப்பிட்ட தோழரிடம் இதைச் சொன்னேன். அவர், "ஓட்டலையும் தெரிந்து புத்தகத்தையும் தெரிந்த ஆள் நம்மில் நீர்தான்" என்றார். அது பாதி உண்மை. ஓட்டலை எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே மேஜை மேல் ஐந்து பேருடைய புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒருவர் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அம்மையார். ஒருவர் பட்டு நெசவு செய்பவர். ஒருவர் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி. ஒருவர் மட்டும் கல்லூரி ஆசிரியர். இவர்களில் நால்வருக்கு எழுதுவது என்பது சம்பளம் வருகிற வேலை அல்ல. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் எழுதியவர்கள். ஆகவே இவர்களைப் பாராட்ட வேண்டியது நியாயமே. ஆனால் பாராட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. நான் பேசுவதில் தவறு இருந்தால் தள்ளிவிடுங்கள். சரி என்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாடி ஏறி வந்தவுடன் முதலில் பார்த்தது குத்துவிளக்கு. பக்கத்திலே நாச்சியார்கோயிலில் வார்த்த விளக்கு, நல்ல வேலைப்பாடு. அடுத்தபடி பார்த்தது புத்தகங்கள். ஒவ்வொரு அட்டையிலும் நான்கு மூலைக்கு மஞ்சள், நடுவில் குங்குமம்! அம்மையாருடைய புத்தகத்தில் அவருடைய பெயரே குங்குமத்துக்குள் மறைந்துபோய்விட்டது. யோசித்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்தை எழுதியது யார்? அந்த அம்மையார். அச்சுக் கோர்த்தது யார்? அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன். பணம் போட்டது யார்? அம்மையாருடைய நகைச் சீட்டு. இவ்வளவு பேர் இருக்க, நன்றி மாத்திரம் வேறு எங்கேயோ போகிறது. விளக்கின் விஷயமும் அப்படித்தான். ஏற்றுவதற்கு ஆள் தேடினோமே தவிர, அதை வார்த்த பட்டறைக்காரரைக் கூப்பிட்டோமா?

வருஷத்திற்கு ஒரு தினம் சரஸ்வதி பூஜை என்று வைத்துக்கொண்டு, அன்றைக்குப் புத்தகத்தை எல்லாம் கட்டி வைத்துவிட்டு, "இன்று படிக்கக்கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிற தேசம் இது. கல்விக்குத் தெய்வம் வைத்திருக்கிறோம். அந்தத் தெய்வத்தின் நாளில் கல்விக்கு விடுமுறை! பிள்ளைகளுக்கு இதில் சந்தோஷமே தவிரக் குறை ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு அல்லவா புத்தி வேண்டும்?

நிற்க, இன்னும் சிறிது நேரத்தில் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறார்கள். கையெழுத்து என்றால் என்ன? அதை ஏதோ பிரசாதம் போல இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவரின் காலில் விழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி விழுந்தவர் வீட்டுக்கு நான் ஒரு வருஷம் கழித்துப் போனபோது, அந்தப் புத்தகம் அலமாரிக் கண்ணாடிக்குள் இருந்தது. பக்கம் பிரிக்கப்படவே இல்லை. கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்ட பிரதி ஆயிற்றே, கசங்கிவிடாதா?" என்றார். இது புத்தகத்தைச் சிலையாக்குகிற வேலை.

என் அபிப்பிராயத்தில் கையெழுத்து என்பது ரசீது. கடைக்காரன் பணம் வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடுவது எதற்காக? நாளைக்குச் சரக்கு கெட்டுப்போயிருந்தால் அந்தச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டிக் கேட்பதற்காக. அதுபோல, "இதில் இருப்பதற்கு நான் ஜவாப்தாரி" என்று எழுதியவர் ஒப்புக்கொடுப்பதுதான் புத்தகத்தில் போடுகிற கையெழுத்து. தபால்காரத் தோழர் தன் புத்தகத்தில், இன்ன தெருவில் இன்ன குளம் இருந்தது, அதை இன்ன வருஷத்தில் தூர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அது தப்பு என்று உங்களில் ஒருவருக்குத் தெரிந்தால், கையெழுத்து வாங்குகிறபோதே கேட்டுவிட வேண்டும். அவரும் அதற்குக் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லவேண்டும். உள்ளூர் எழுத்தாளரிடம் இருக்கிற சௌகரியமே இதுதான். பெரிய எழுத்தாளரைப் பிடித்துக் கேட்க முடியாது. இவரை நாளைக் காலையில் மார்க்கெட்டிலேயே பிடிக்கலாம்.

சிலர், "புத்தகக் கூட்டத்தை ஓட்டலில் வைக்கலாமா? மரியாதையாக ஒரு மண்டபத்தில் வைக்கக்கூடாதா?" என்று கேட்டதாகத் தலைவர் சொன்னார். மண்டபத்துக்கு யார் வருவார்கள்? அழைப்பிதழ் வந்தவர்கள் வருவார்கள். ஓட்டலுக்கோ பசித்தவன் எல்லாம் வருவான். புத்தகம் ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டுமே ஒழிய, ஜனங்கள் புத்தகம் இருக்கிற இடத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தால் அது பூச்சிக்குத்தான் ஆகாரமாகும். நமக்குப் பக்கத்தில் மன்னார்குடியில் 1931-ம் வருஷத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்த யோசனைக்குத் துணை நின்றவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். இரங்கநாதன். 1948-ல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. இன்று வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாம் எல்லோரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் நூலகத்துக்குள் காலை வைத்தோம் என்று இங்கே கை தூக்கச் சொன்னால் எனக்கு வீண் பகைதான் வரும்.

லண்டனில் 1600-களின் பின்பாதியில் காப்பிக் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் ஒரு காப்பியும், மேஜை மேல் கிடக்கிற பத்திரிகையும், பக்கத்தில் இருப்பவனின் வாதமும் கிடைக்கும். அரசன் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில், காப்பிக் கடைகளில் உட்கார்ந்து ராஜாங்கத்தைப் பற்றித் தாறுமாறாகப் பேசுகிறார்கள் என்று, எல்லாவற்றையும் மூடும்படி உத்தரவு போட்டான். ஊர் போட்ட கூச்சலில், உத்தரவு அமலுக்கு வருவதற்கு முன்பே அதை வாபஸ் வாங்கினான். படைகளுக்குப் பயப்படாத அரசனுக்கு, காப்பிக் கோப்பையும் அச்சடித்த காகிதமும் ஒரே மேஜை மேல் இருப்பது பயமாக இருந்திருக்கிறது.

ஆனால் நம் நாட்டு ஓட்டலின் கதை வேறு. இங்கே அரசன் மூடவேண்டிய அவசியமே இல்லாமல், ஜாதியே பாதிக் கதவை மூடி வைத்திருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று இருந்த பிரிவினை, கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் நீங்கிற்று. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 15-வது விதி, ஓட்டலுக்குள் நுழைவதை ஜாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்றது. அதற்குப் பிறகும் 1957-ல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையில் இருந்த ஒரே ஒரு ஜாதிச் சொல்லை அழிக்கச் சொல்லி, மாதக் கணக்கில் ஆட்கள் போய் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். ஆகவே இன்று நாம் எல்லோரும் ஒரே பெஞ்சியில் நெருங்கி உட்கார்ந்து, ஒரே மாதிரி டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டு புத்தகம் பேசுவது, யாரோ வரம் கொடுத்து வந்ததல்ல. அடி வாங்கி வந்தது. கிராமத்து டீக்கடைகளில் சில இடங்களில் இன்னும் டம்ளர் பிரிந்துதான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

என் கதையைச் சொல்லச் சொல்லித் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சொல்லுகிறேன்.

1992-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. முழுப்பரீட்சை லீவில் ஓர் ஊரில் ஓர் ஓட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். டேபிள் துடைக்கிற வேலை. லீவு முடிந்தவுடன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன், மறுவருஷமும் போனேன். எட்டாவது முடிந்ததும் ஓட்டலே நிலைத்தது. விடிவதற்கு முன் எழுந்து அடுப்படியைக் கழுவினால், ராத்திரி கல்லாப்பெட்டி பூட்டுகிற வரைக்கும் கால் மடங்காது. ஒருநாள் ஒருவர் சாப்பிட்டுவிட்டு மேஜை மேல் ஒரு சின்னப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். கல்லாவில் கொடுத்திருக்க வேண்டும். நான் டவுசருக்குள் செருகிக்கொண்டேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபோது, சாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலாளியின் மைத்துனர் பார்த்துவிட்டார். அடித்தது எனக்கு வருத்தமில்லை. அங்கே டம்ளர் உடைத்தாலும் அடிதான். அவர் அந்தப் புத்தகத்தைக் கிழித்து வடை மடிக்கிற காகிதத்தோடு சேர்த்துவிட்டார். அன்று சாயங்காலம் ஒவ்வொரு பொட்டலமாக வெளியே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு பக்கம் படித்திருந்தேன். மீதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டை இல்லாத புத்தகம், பெயர்கூடத் தெரியவில்லை.

அப்போது சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஓட்டல் வேலை அபாயமான வேலையாகச் சேர்க்கப்படவில்லை. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஓட்டலிலும் டீக்கடையிலும் வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-ந் தேதியில்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் எனக்கு மீசை முளைத்து நரைக்கவும் ஆரம்பித்துவிட்டது.

பிற்காலத்தில், நூலகத்தில் உட்கார்ந்து அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்கப் பழகியபோது, அமெரிக்காவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்ததைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் லாங்ஸ்டன் ஹியூஸ். கறுப்பு இனத்துக் கவிஞர். 1925-ல் வாஷிங்டன் நகரத்தில் வார்ட்மன் பார்க் என்ற பெரிய ஓட்டலில் மேஜை துடைத்து எச்சில் தட்டு எடுக்கிற வேலை பார்த்தார். அந்த ஓட்டலுக்கு வேச்சல் லிண்ட்சே என்ற, ஊர் ஊராகப் போய்க் கவிதை படித்துக் காட்டுகிற வெள்ளைக்காரக் கவிஞர் வந்து தங்கினார். அன்று ராத்திரி அந்த ஓட்டலிலேயே அவர் கவிதை படிக்கிற கூட்டம். ஹியூஸுக்கு அதைக் கேட்க ஆசை. ஆனால் அந்த மண்டபத்துக்குள் கறுப்பர்களை விடமாட்டார்கள். தட்டு எடுக்க ஓட்டலுக்குள் வரலாம். கவிதை கேட்க வரக்கூடாது! ஆகவே அவர், லிண்ட்சே சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் தம்முடைய மூன்று கவிதைகளை வைத்துவிட்டு, பேச வாய் எழாமல் நகர்ந்துவிட்டார். லிண்ட்சே அன்று இரவு கூட்டத்தில் அந்தக் கவிதைகளைப் படித்துக் காட்டி, இந்த ஓட்டலில் தட்டு எடுக்கும் பையன் ஒரு கவி என்று சொன்னார். மறுநாள் காலையில் பத்திரிகைக்காரர்கள் வந்து, கையில் தட்டோடு நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். லிண்ட்சே ஊரைவிட்டுப் போகும்போது, கீட்ஸ் என்ற கவியின் சரித்திரத்தை இரண்டு வால்யூமாக வாங்கி, அதன் வெற்றுத்தாளில் ஒரு நீண்ட கடிதம் எழுதி, அந்தப் பையனுக்காக ஓட்டலில் விட்டுப்போனார். கையெழுத்துப் போட்ட புத்தகம் என்றால் அதைச் சொல்லவேண்டும். அதிலே புத்திமதி இருந்தது; படிக்கச் சொல்லி எழுதியிருந்தது.

இனிமேல்தான் கவனிக்கவேண்டியது. ஊரெல்லாம், லிண்ட்சே ஒரு தட்டெடுக்கும் பையனைக் கவியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று பேசிற்று. உண்மை என்ன? அந்த வருஷமே ஹியூஸ் ஒரு பத்திரிகைப் போட்டியில் கவிதைக்கு முதல் பரிசு வாங்கியாகிவிட்டது. அவருடைய முதல் புத்தகத்தைப் பெரிய பதிப்பாளர் ஒருவர் ஒப்புக்கொண்டு அச்சில் இருந்தது. 1926 ஜனவரியில் வெளிவந்துவிட்டது. அப்படி இருக்க, கண்டுபிடித்தது எதை? அதன் பிறகு, ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் அவரை மேஜைக்குக் கூப்பிட்டு நிறுத்தி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். வெட்கம் தாங்காமல் அவர் வேலையை விட்டுவிட்டார். வாஷிங்டனில் இன்று, 2005-ல் தொடங்கிய ஒரு ஓட்டல், புத்தகக் கடையும் எழுத்தாளர் கூட்ட மேடையும் சேர்த்து, "தட்டெடுப்பவர்களும் கவிகளும்" என்று பொருள்படும் பெயரோடு நடக்கிறது. அவர் நினைவாகத்தான் அந்தப் பெயர்.

இந்த விஷயத்தைப் படித்தபோது எனக்கு நம்முடைய காளமேகப் புலவர் ஞாபகம் வந்தார். அவர் யார்? திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த பரிசாரகர் என்று சொல்லுகிறார்கள். அப்பேர்ப்பட்டவர் நினைத்த மாத்திரத்தில் சிலேடையாகப் பாடினார். அது எப்படி முடியும் என்று ஊராருக்குத் தோன்றியது. உடனே என்ன கதை கட்டினார்கள்? திருவானைக்காவில் அம்பாள் வந்து, தான் மென்ற தாம்பூலத்தை அவர் வாயில் உமிழ்ந்தாள். அதனால் பாட்டு வந்தது என்றார்கள். இதைப் பக்தி என்கிறார்கள். நான் சொல்லுகிறேன், இதில் இருப்பது மடைப்பள்ளி ஆளை நம்பாத புத்தி. அவர் கரண்டி பிடித்துக்கொண்டே எத்தனை வருஷம் தமிழ் கேட்டிருப்பார், எத்தனை வெண்பாவை அடுப்புச் சூட்டில் மனப்பாடம் செய்திருப்பார், எத்தனை தடவை தப்பாகப் பாடித் திருத்தியிருப்பார்! அந்த உழைப்பு முழுவதையும் ஒரு வாய் வெற்றிலை எச்சிலில் கரைத்துவிட்டார்களே! அமெரிக்காவில் வெள்ளைக்காரக் கவி கண்டுபிடித்தார் என்றார்கள். இங்கே அம்பாள் துப்பினாள் என்றார்கள். சமையற்கட்டில் இருப்பவன் தானாகவே படித்து எழுதினான் என்று ஒப்புக்கொள்ள இரண்டு தேசத்துக்கும் மனசு வரவில்லை.

நம்முடைய சத்துணவு அம்மையாரைப் பற்றியும் இப்போதே அப்படிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இந்தக் கூட்டத்துக்கு வரும்போதே ஒருவர் என்னிடம், "அந்த அம்மாவா எழுதியிருப்பாங்க? வாத்தியார் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்" என்றார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். அம்மையார் தம்முடைய கையெழுத்துப் பிரதியைப் பையில் கொண்டுவந்திருக்கிறார். பருப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது. சந்தேகப்படுகிறவர்கள் வாங்கிப் பாருங்கள். சந்தேகப்படுவது தப்பில்லை, பார்க்காமலே சந்தேகப்படுவதுதான் தப்பு.

இன்னொன்று, பணத்தைப் பற்றியது. உள்ளூர் எழுத்தாளனுக்குப் பதிப்பாளர் கிடையாது. அவனே அச்சுக்கூலி கொடுத்துப் போட்டுக்கொள்ளுகிறான். நான் என் முதல் புத்தகத்தை ஐந்நூறு பிரதி போட்டேன். நூற்றிருபது விற்றது. இருநூறுக்குமேல், "நம்ம ஆளு புஸ்தகம், ஒண்ணு கொடுப்பா" என்று சும்மா வாங்கிக்கொண்டு போனார்கள். மீதி, கட்டிலுக்கு அடியில் கரையான் வாசித்தது. சும்மா வாங்கியவர்கள் எல்லோரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். அவர்களில் பலர் எனக்குக் கூட்டங்களில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்தத் துணியின் விலை என் புத்தகத்தின் விலையைவிட அதிகம். அதைப் போர்த்திக்கொண்டு வெளியே போகவும் முடியாது, துண்டாகத் துவட்டவும் உதவாது. இன்றைக்கும் சால்வை மூட்டை ஒன்று மூலையில் இருப்பதைப் பார்த்தேன். தலைவர் அவர்களே, அந்த மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்துக்கு இந்த ஐந்து புத்தகத்திலும் வாங்கிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். நான் கூடவே வருகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொன்னால் முதலாளி அவர்கள் என்ன நினைப்பாரோ என்று கூப்பிட்ட தோழர் பயப்படுகிறார். இடம் இனாமாகக் கொடுத்து, ஆளுக்கு ஒரு காப்பியும் பஜ்ஜியும் கொடுக்கிறவரை அவர் ஓட்டலிலேயே குறை சொல்லலாமா என்பது அவருடைய கவலை. நான் குறை சொல்லவில்லை. ஒரு கோரிக்கை வைக்கிறேன். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நான்கு தோழர்கள் சுவரை ஒட்டித் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் வடக்கேயிருந்து வந்தவர்கள். என் பேச்சு அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேன். ஆனால் காளமேகம் பேச்சு வந்தபோது ஒருவர் சிரித்தார். தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்! கடைகளில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் செய்தார்கள். நான் இங்கே சட்டம் பேச வரவில்லை. காலைப் பற்றிப் பேசுகிறேன். பத்து வருஷம் நின்றவனுக்கு அந்த வலி தெரியும்.

முன்வரிசையில் இருக்கிற நாங்கள் ஐந்தாறு பேர் காப்பியை நாங்களே எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறோம். டவரா டம்ளர் பிடிக்க எனக்கு மறந்துவிடவில்லை. ஒரு கையில் எட்டு எடுப்பேன். அந்த நேரத்துக்கு அந்த நால்வரும் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, எழுத்தாளர்கள் பேசுவதைக் கேட்கட்டும். கேள்வியும் கேட்கட்டும். புத்தகம் வேண்டுமென்றால் அவர்களும் காசு கொடுத்தே வாங்கட்டும். இனாம் வேண்டாம், வரிசையில் நின்று மற்றவர்களைப் போலக் கையெழுத்து வாங்கட்டும். முதலாளி அவர்கள் தலையை ஆட்டுகிறார். அது சரி என்கிற ஆட்டல்தான் என்று நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

ஆகவே, முதலில் அம்மையார் அவர்களைத் தம்முடைய புத்தகத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டு, கீழே காப்பி எடுக்கப் போகிறேன்.